காலி பஸ் ஓடும் 30 கிலோமீட்டர்: ஜோடிப் பள்ளிகளின் கார்பன் கணக்கு

கார்பன் தடத்தை (செலவழிக்கும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவை) குறைக்க இரண்டிரண்டாக ஜோடி சேரும் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பள்ளிகளாகவே சேர்கின்றன. கோவையில் ஒரு மெட்ரிக் பள்ளி இன்னொரு மெட்ரிக் பள்ளியோடு, கோபியில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளி பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப்பள்ளியோடு. இரண்டு இடத்திலும் அதே ஃபேன், அதே டியூப்லைட், சுவரில் அதே போஸ்டர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடமும் இருக்காது. எட்டுப் பத்து பஸ் ஓட்டும் டவுன் பள்ளி ஒன்றும், அந்த பஸ்களில் ஒன்று போய்த் திரும்புகிற கடைசி ஊரில் இருக்கும் அரசுப் பள்ளியும் சேர்ந்து பாருங்கள், கணக்கே மாறிவிடும்.

முதலில் நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. சமையல் கேஸ் கிலோவுக்குச் சுமார் 3 கிலோ. மின்சாரத்துக்கான எண்ணை மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் புதுப்பிக்கிறது. கணக்குத் தொடங்கும்போது எந்த எண்ணை எடுத்தீர்களோ, அந்த வருடம் முழுக்க இரண்டு பள்ளிகளும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே காற்றாலையைக் காட்டி, "எங்க ஊர் கரண்ட் காத்துல வர்றதுங்க சார், அதுக்கு எதுக்குக் கணக்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் காற்றாலை மின்சாரமும், நிலக்கரி மின்சாரமும் ஒரே கிரிட்டில் (மின் தொகுப்பில்) கலந்துதான் வருகின்றன. சராசரியைத்தான் போட வேண்டும்.

இப்போது ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். பழைய 75 வாட் ஃபேன் நான்கு, சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய டியூப்லைட் நான்கு. மொத்தம் 500 வாட். ஆறு மணி நேரத்துக்கு 3 யூனிட், அதாவது 2.16 கிலோ. 210 வேலை நாளுக்கு ஏறக்குறைய 454 கிலோ.

அடுத்து ஒரு பஸ். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 12 லிட்டர், 32 கிலோ. அதே 210 நாளுக்கு 6.75 டன். ஒரு பஸ் என்பது பதினைந்து வகுப்பறைக்குச் சமம். "வெளியே போகும்போது ஸ்விட்சை அணைக்கவும்" என்று எழுதி ஒட்டுவதில் தப்பில்லை. ஆனால் எட்டு பஸ் வாசலில் நிற்கும்போது அதை மட்டும் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது சரியில்லை.

காலி ஓட்டம்

அந்த 60 கிலோமீட்டரைப் பிரித்துப் பாருங்கள். காலையில் பள்ளி ஷெட்டிலிருந்து கடைசி ஊருக்குக் காலியாக 15. அங்கிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 15. சாயங்காலம் பிள்ளைகளோடு 15. இறக்கிவிட்டு ஷெட்டுக்குக் காலியாக 15. பாதி ஓட்டம் வெறும் சீட்டுக்குத்தான்.

பஸ் இரவில் கடைசி ஊரிலேயே நின்றால் இந்தக் காலி 30 கிலோமீட்டர் அப்படியே போய்விடும். ஒரு நாளைக்கு 6 லிட்டர், வருடத்துக்கு 1,260 லிட்டர், 3.4 டன். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலே 1.16 லட்சம் ரூபாய். ஃபேன் மாற்றினால், சோலார் வைத்தால் எவ்வளவு குறையும் என்பதைக் கீழே பார்க்கலாம். இதற்குப் பூட்டுப் போட்ட ஒரு காம்பவுண்டு போதும்.

நிர்வாகம் மறுப்பதும் அந்தக் காம்பவுண்டு இல்லாததால்தான். ரோட்டோரம் நிறுத்தினால் டீசல் திருடுபோகும், பேட்டரி போகும், கண்ணாடி உடையும். ஊர்ப் பள்ளி கூட்டாளியாக இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள அரசுப் பள்ளி வளாகத்தில் ஒரு பஸ் நிற்க இடம் இருக்கும். ஆனால் தலைமையாசிரியர் வாய்வார்த்தையில் சரி என்றால் அது போதாது. தனியார் வண்டியை அரசு வளாகத்தில் நிறுத்தப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கிடைக்கவில்லையா, ஊராட்சி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஊரில் தெரிந்தவர் களமோ, பயன்படுத்தாத தறிக் குடோனோ கிடைத்தாலும் சரி. அந்த இடத்தைத் தேடித் தருவதே ஊர்ப் பள்ளி செய்யும் பெரிய உதவி.

அடுத்த சிக்கல் டிரைவர். அவர் டவுனில் குடியிருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவார்? எந்த டிரைவர் எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி, ரூட்டுகளை மாற்றிப் போட்டாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும். மாறாவிட்டாலும் அவர் மொபெட்டில் வந்து போகட்டும். 30 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர் பெட்ரோல், 1.4 கிலோ. பஸ் மிச்சப்படுத்தும் 16 கிலோவுக்கு முன் இது ஒன்றுமில்லை. பெட்ரோல் காசைப் பள்ளி கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்க மனசில்லாமல் திட்டத்தைத் தொடங்கினால் ஒரே மாதத்தில் பஸ் மறுபடி ஷெட்டுக்கு வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு நடை அடிக்கும் பஸ் என்றால் முதல் நடையின் காலைக் காலி ஓட்டமும் கடைசி நடையின் மாலைக் காலி ஓட்டமும்தான் மிச்சம், நடுவில் உள்ளது அப்படியே இருக்கும். ஊர் ஊராகச் சுற்றி வரும் ரூட்டில் காலி ஓட்டம் எவ்வளவு என்பதை மீட்டர் பார்த்தே எழுத வேண்டும், மேப்பில் அளந்தால் தப்பும். இரவு நிறுத்தும் இடம் மாறியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். டேங்க் மூடிக்குப் பூட்டு அவசியம். காலையில் ஏர் பிரஷர், டயர், லைட் பார்க்கும் வேலையை ஷெட்டில் மெக்கானிக் செய்துகொண்டிருந்தால், அது இனி டிரைவர் பொறுப்பு. அதற்கென்று ஒரு நோட்டு வண்டியிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினால் என்ன என்ற யோசனை உடனே வரும். பெர்மிட் அந்தப் பள்ளியின் பெயரில், அந்தப் பள்ளி மாணவர்களுக்காக வாங்கியது. வேறு பிள்ளைகளை ஏற்றி விபத்து என்று ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் நிற்காமல் போகலாம். பள்ளி பஸ்களுக்கான 2012 சிறப்பு விதிகளும் இருக்கின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மைலேஜ் விஷயத்திலும் டிரைவர் சொல்லும் எண்ணை எடுக்கக் கூடாது. டேங்க் வாய்வரை நிரப்பி ஓடோமீட்டரை எழுதி, அடுத்த முறை மறுபடி வாய்வரை நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். மூன்று நிரப்பல் சராசரி எடுத்தால் நம்பலாம்.

இன்னொரு பொறி உண்டு. பஸ் டீசலைக் குறைக்கிறோம் என்று ஒரு ரூட்டையே நிறுத்தினால் பள்ளியின் எண் அழகாகக் குறையும், ஊரின் புகை கூடும். 15 கிலோமீட்டரில் இருந்து அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டு, வீடு திரும்பி, மாலையில் மறுபடி வந்தால் ஒரு பிள்ளைக்கு 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டியிலும் 2.76 கிலோ. 45 பேரோடு வரும் பஸ்ஸில், காலி ஓட்டத்தையும் சேர்த்தே, தலைக்கு 0.71 கிலோதான். அதனால் பெற்றோர் வண்டியையும் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கட்சி. வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுகிறவர்களுக்கு வளைந்து வந்த தூரம் மட்டும்.

மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குச் சைக்கிள்தான். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் வீட்டில் காற்றிறங்கி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் முள். தாராபுரம், காங்கயம் பக்கத்து மண்பாதையில் நெருஞ்சியும் வேலிக்காத்தான் முள்ளும் சும்மா விடாது. ஒரு ஃபுட் பம்ப், பஞ்சர் சொல்யூஷன், ஒட்டுத் துண்டு, டயர் லீவர் இரண்டு, ஒரு ஸ்பானர் செட். இதை டவுன் பள்ளி வாங்கிக் கொடுத்துவிட்டால் ஊர்ப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளே ஒட்டிக்கொள்வார்கள்.

மிச்சமான காசு எங்கே போகிறது

ஒரு பஸ் மிச்சப்படுத்திய 1.16 லட்சத்தில் ஊர்ப் பள்ளிக்கு பி.எல்.டி.சி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) வாங்கலாம். ஒன்று 3,000 ரூபாய் என்றால் 38 ஃபேன். பத்து வகுப்பறைப் பள்ளிக்கு ஏறக்குறைய முழுக்கப் போதும். ஃபேனுக்கு 75 வாட் போய் 30 வாட் ஆகிறது. ஓர் அறையில் நான்கு மாறினால் வருடத்துக்கு 227 யூனிட், 163 கிலோ குறைகிறது. அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதை 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகப் பொருளாகக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். பஸ் நிறுத்துவதற்கு வாடகை என்ற பேச்சே வரக் கூடாது. அதுவும் இதுவும் தனித்தனிக் காகிதத்தில் இருக்கட்டும்.

மாட்டும்போது எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவார். அதுதான் முதல் கோளாறு. பி.எல்.டி.சி ஃபேனின் உள்ளேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இருக்கிறது. பழைய ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் போனால் ஃபேன் விட்டுவிட்டு ஓடும், சீக்கிரம் போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்க வேண்டும். இரண்டாவது கோளாறு ரிமோட். வகுப்பறையில் ரிமோட் ஒரு வாரம் தாங்காது. ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டால் வேகம் மாறும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு நல்லதும் உண்டு: கோடையில் ஊர்ப்பக்கம் வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஃபேன் சோம்பிச் சுற்றும், இது அதே வேகத்தில் ஓடும்.

மாற்றித் தணிக்கை

அளக்கும் வேலையை இரண்டு பள்ளியும் மாற்றிச் செய்ய வேண்டும். டவுன் பள்ளிப் பசுமைப்படை (மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றம்) ஊர்ப் பள்ளியை அளக்கட்டும், ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் டவுன் பள்ளியை. தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு வராண்டாவில் ராத்திரியெல்லாம் எரியும் லைட் தெரியாது. வருடத்துக்கு இரண்டு தடவை நேரில், மற்றதெல்லாம் மீட்டர் போட்டோ அனுப்பினால் போதும். நேரில் போகவும் டவுன் பஸ்தான். பார்வையிடப் பள்ளி பஸ்ஸை எடுத்து 50 கிலோமீட்டர் ஓட்டினால் 27 கிலோ.

மீட்டர் படிப்பதில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் மூன்று. எலக்ட்ரானிக் மீட்டரில் எண்கள் மாறிமாறி வரும். தேதி, நேரம், அதிகபட்சத் தேவை, பவர் ஃபேக்டர் எல்லாம் ஓடும். கே.டபிள்யூ.எச் என்று பக்கத்தில் வருவதுதான் யூனிட், கே.வி.ஏ.எச் இல்லை. இரண்டாவது, பெரிய பள்ளிகளில் சி.டி (கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் சாதனம்) வைத்த மீட்டர் இருக்கும். 100/5 சி.டி என்றால் மீட்டர் எண்ணை 20-ஆல் பெருக்க வேண்டும், 200/5 என்றால் 40. சில மீட்டர்கள் பெருக்கியே காட்டும். ஒரு மாத வித்தியாசத்தைப் பில்லோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இதை விட்டால் டவுன் பள்ளி ஊர்ப் பள்ளியைவிடக் குறைவாகச் செலவழிப்பதாகக் கணக்கு வந்து கைதட்டு வாங்கிவிடும். மூன்றாவது, அரசுப் பள்ளியில் இணைப்பு எண் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். பழைய கட்டடத்துக்கு ஒன்று, புதுக் கட்டடத்துக்கு ஒன்று, சத்துணவுக் கூடத்துக்கோ போர் மோட்டாருக்கோ தனி. பில் யார் கட்டினாலும் மீட்டர் வளாகத்தில்தான் இருக்கும். சுற்றி நடந்து எண்ணுங்கள்.

வெள்ளி மாலை ஒரு போட்டோ, திங்கள் காலை ஒரு போட்டோ. ஆள் இல்லாத பள்ளி எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். வாட்டர் கூலர், சிசிடிவி, அணைக்காத ஸ்மார்ட் போர்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர். 100 வாட் இரவும் பகலும் ஓடினால் வருடத்துக்கு 876 யூனிட், 630 கிலோ. ஒரு வகுப்பறையைவிட அதிகம்.

அதே இரண்டு நாளில் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தையும் குறித்துவையுங்கள். நம்ம பக்கம் 600 அடியிலிருந்து இழுக்கும் போர்தான் சர்வ சாதாரணம். அந்த ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் ஏற்றச் சுமார் 1.2 யூனிட் ஆகும். தினம் 10,000 லிட்டர் என்றால் 12 யூனிட், நான்கு வகுப்பறைக் கரண்ட். மோட்டார் ஓடாமலே மட்டம் இறங்கியிருந்தால் கழிப்பறைக் குழாயையும் ஃப்ளஷ் தொட்டி வால்வையும் பாருங்கள்.

டவுன் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "ஏசிக்குப் போன வருஷம் கேஸ் போட்டீங்களாங்க?" யாரும் கணக்கில் எடுக்காத இடம் இது. ஏசிக்குள் இருக்கும் வாயு தேயாது, தீராது. வருடாவருடம் போட வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் செப்புக் குழாய் நட்டு சேரும் இடத்தில். ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியே போனால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அது 2,900 யூனிட் கரண்டுக்கு நிகர். ஆர்-22 என்றால் 1,810, ஆர்-32 என்றால் 675. வாயுவின் பெயர் வெளி யூனிட்டின் ஸ்டிக்கரில் இருக்கும். சர்வீஸ்காரர் சோப்பு நுரை போட்டு ஒழுக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போட வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஜெனரேட்டரில் லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் கிடைக்கும், அதுவும் நல்ல லோடில். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பத்து ஃபேனுக்காகப் பெரிய செட்டை ஓட்டினால் 2 யூனிட்கூட வராது. அன்றைக்கு ஆபீஸ் இன்வெர்ட்டரோடு நிறுத்திக்கொண்டு வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோவது நல்லது.

ஊர்ப் பள்ளியில் டவுன் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வது சத்துணவுக் கூடத்தில். "அக்கா, இந்த சிலிண்டர் எப்பங்க மாத்துனீங்க?" என்று கேட்டால், "போன செவ்வாக்கெழம கண்ணு, இன்னும் பாதி இருக்கும்" என்று பதில் வரும். பாதியை வைத்துக் கணக்குப் போட முடியாது. சிலிண்டரின் காலி எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். ஒரு தராசில் ஏற்றி, திங்கள் காலை ஓர் எடை, வெள்ளி மாலை ஓர் எடை. நாளுக்கு 5 கிலோ எரிந்தால் 15 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வாரத்துக்கு வாரம் ஒப்பிடும்போது ஒரே மெனு உள்ள வாரங்களை எடுங்கள். கொண்டைக்கடலை வேகும் நாளும் தக்காளிச் சாத நாளும் ஒன்றாகாது. பருப்பை அரை மணி நேரம் ஊறவைப்பது, அண்டாவை மூடி வேகவைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, மஞ்சளாக எரியும் பர்னரின் துளையைக் குத்தி எடுப்பது, இவ்வளவுதான் வேலை. இதைச் சமையல் அக்காவுக்குப் பாடம் எடுக்கிற தொனியில் பிள்ளைகள் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியாததல்ல, பெரிய மூடி இல்லாததுதான் காரணமாக இருக்கும். மூடியை வாங்கிக் கொடுங்கள். விறகு எரித்தால் அதன் எடையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், மொத்தத்தில் சேர்க்க வேண்டாம்.

பேப்பர் கணக்கில் நேரம் போக்க வேண்டாம். ஒரு ரீம் பேப்பரின் எடையே இரண்டரைக் கிலோகூட இல்லை.

சோலாரும் செடியும்

5 கிலோவாட் சோலார் நம்ம வெயிலுக்கு வருடத்தில் 7,000 யூனிட் கொடுக்கும், 5 டன். நல்ல விஷயம்தான். ஆனாலும் ஒரு பஸ்ஸின் ஓட்டத்தைவிடக் குறைவு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கிரிட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தால்தான். இல்லாவிட்டால் வெயில் கொளுத்தும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பள்ளிக்கு லீவு, பேனல் சும்மா காயும். கிரிட்டோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், பழுது இல்லை. மயில் எச்சம் ஓரிடத்தில் காய்ந்து கிடந்தால் அந்தச் செல் சூடேறிக் கெடும். கழுவுவதைச் சூடேறும் முன் காலையில் முடிக்க வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும், ஈர மாப்பால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

மரக்கன்றைக் கார்பன் கணக்கில் கழிக்காதீர்கள். நன்றாக வளர்ந்த மரமே வருடத்துக்கு இருபது கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். கன்று முதல் சில வருடம் ஒன்றுமே இல்லை. நிழலுக்காக நடுங்கள், மேற்குச் சுவர் ஓரமாக. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினப் போட்டோவுக்காக நடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல்லடம், தாராபுரம், காங்கயம் பக்கம் அப்போது மழை கிடையாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுத்தான். ஆடி முடிவதற்குள் கன்று ஒடிந்திருக்கும், அல்லது லாரித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் புரட்டாசிக் கடைசியில் வேம்பு, புங்கன் நட்டால் பிழைக்கும். பொள்ளாச்சி, ஆனைமலை அடிவாரத்துக்கு ஜூன் சரிதான். வேலி வேண்டும் என்றால் கிளுவைப் போத்தை (கிளையை) வெட்டி ஊன்றலாம், கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) ஊன்றுகிற மாதிரியே.

இரண்டு பள்ளியையும் ஒப்பிடும்போது மொத்தத்தை வைக்காதீர்கள். ஒரு மாணவருக்கு, ஒரு வேலை நாளுக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். அப்போதும் டவுன் பள்ளிதான் தோற்கும், பஸ் அங்கேதானே இருக்கிறது. அதனால் போட்டி வேண்டாம். ஒவ்வொரு பள்ளியும் தன் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். தேர்தல், மழை லீவு நாட்களை வேலை நாளிலிருந்து கழிக்க வேண்டும். குறைந்த டீசல் டவுன் பள்ளிக் கணக்கில், குறைந்த ஃபேன் கரண்ட் ஊர்ப் பள்ளிக் கணக்கில். இரண்டு பேரும் இரண்டையும் எழுதிக்கொண்டால் ஒரே கிலோ இரண்டு தடவை வரும்.

பத்தாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைகளுக்கு இதற்கு நேரம் இருக்காது. எட்டாவது, ஒன்பதாவதை வைத்து நடத்துங்கள். பிப்ரவரியிலேயே ஒன்பதாவது பிள்ளைகள் எட்டாவது பிள்ளைகளைக் கூடவே கூட்டிக்கொண்டு போய் மீட்டர் படிக்கக் காட்டிவிட வேண்டும். இணைப்பு எண்கள், எம்.எஃப் எண் (சி.டி மீட்டரைப் பெருக்க வேண்டிய எண்), ஏசி வாயுவின் பெயர், பஸ் வாரியாகக் காலி ஓட்டக் கிலோமீட்டர், இவற்றை நோட்டில் மட்டும் எழுதினால் நோட்டோடு போய்விடும். மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.